மாதத்துக்கு ஐந்து படம்: போட்டோபாக்ஸும் எங்கள் வீட்டுக் கல்லாப்பெட்டியும்

செயலிகளுக்குத் திரை வடிவமைப்பது என் பிழைப்பு. பதினொரு வருடமாக நான் செய்துவரும் வேலையைச் சுருக்கினால் ஒரே கேள்விதான் மிஞ்சும்: இந்தத் திரையைப் பார்க்கிறவர் அடுத்ததை எவ்வளவு சீக்கிரம் தொடுவார்? காத்திருக்கும் நேரத்தை நொடியில் பாதியாவது குறைத்தால் அது வெற்றி. அதனால்தான், வேண்டுமென்றே மனிதர்களைக் காக்கவைத்த ஒரு பெட்டியைப் பற்றிப் படித்தபோது அதை விட்டு நகர முடியவில்லை. படித்ததோடு நிற்காமல், தென்காசியில் எங்கள் வீட்டில் அதுபோல ஒன்றைச் செய்தும் வைத்தேன். அந்த இரண்டையும் சேர்த்துத்தான் இந்த ஆய்வை எழுதுகிறேன்.

அந்தப் பெட்டியின் பெயர் போட்டோபாக்ஸ். வில்லியம் ஓடம் என்ற ஆய்வாளர், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தில் மார்க் செல்பி, அபிகெய்ல் செல்லன், டேவிட் கிர்க், ரிச்சர்ட் பேங்க்ஸ், டிம் ரீகன் ஆகியோருடன் சேர்ந்து உருவாக்கியது. வடிவமைப்பைப் பற்றிய கட்டுரை 2012இல் வந்தது. மூன்று வீடுகளில் 14 மாதம் வைத்துப் பார்த்த அனுபவம் 2014இல் வந்தது. பழைய ஓக் மரப் பெட்டி ஒன்றுக்குள் ஒரு பாக்கெட் பிரின்டர். வீட்டில் இருப்பவர் ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் ஏற்றி வைத்திருக்கும் படங்களிலிருந்து மாதத்துக்கு நான்கோ ஐந்தோ படங்களை அச்சிட்டுப் பெட்டிக்குள் போடும். செய்வது அவ்வளவுதான். எந்தப் படம் என்று கேட்க முடியாது. எப்போது என்றும் கேட்க முடியாது. இன்னொன்று வேண்டும் என்று அழுத்த ஒரு பொத்தானும் இல்லை. படம் வந்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

மெதுவா, நிதானமா

இந்தச் சிந்தனை வில்லியம் ஓடமிடம் தொடங்கியதல்ல. ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ் ஹால்னேஸ், யோஹான் ரெட்ஸ்ட்ரோம் இருவரும் 2001இல் ‘ஸ்லோ டெக்னாலஜி’ என்ற கருத்தை முன்வைத்தார்கள். கணினி அலுவலகத்தில் மட்டும் இருந்த காலத்தில் வேலையைச் சீக்கிரம் முடிப்பதே அதன் அழகு. அது வீட்டுக்குள், பைக்குள், படுக்கையருகே என்று எங்கும் வந்த பிறகு அந்த ஒரே அளவுகோலை வைத்து அளப்பது போதாது. மனம் ஓய்வதற்கும் அசைபோடுவதற்கும் இடம் தரும் கருவிகளையும் வடிவமைக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஒரு கருவி திறமையாக வேலை செய்யும்போது நேரம் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. அவர்கள் செய்ய நினைத்த கருவியிலோ நேரம் கண்முன் வந்து நிற்கும். அவர்கள் தந்த உதாரணங்களில் எனக்குப் பிடித்தது ஒரு வாசல் மணி. நீளமான ஒரு மெட்டில் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டை மட்டும் அது ஒலிக்கும். முழு மெட்டையும் அறிய எத்தனையோ விருந்தாளிகள் வந்து போக வேண்டும்.

‘ஸ்லோ’ என்பதை ‘மெதுவான’ என்று எழுதினால் தவறான பொருள் வந்துவிடுகிறது. பில் கட்டும்போது சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டமும் மெதுவானதுதான். அது நம்மைப் பதற்றப்படுத்துகிறதே தவிர யோசிக்க வைப்பதில்லை. நம்மிடம் நிதானம் என்று ஒரு சொல் இருக்கிறது. நிதானமாகப் பேசுகிறவர் பேசத் தெரியாதவர் அல்ல. ஒவ்வொரு சொல்லுக்கும் இடம் விடுகிறவர். போட்டோபாக்ஸின் மெதுவும் அந்த வகை. எனவே இதை நிதானத் தொழில்நுட்பம் என்றே சொல்கிறேன்.

நிதானம் எங்கே வைக்கப்பட்டது

முதலில் எண்ணிக்கை. ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் நிரல் இந்த மாதம் நான்கா ஐந்தா என்று முடிவு செய்துகொள்ளும். பிறகு மாதம் முழுக்க எங்கெங்கோ அத்தனை நேரக்குறிகளைத் தூவி வைக்கும். அந்த நேரம் வந்ததும் தொகுப்பிலிருந்து ஏதோ ஒரு படத்தை எடுத்து அச்சிடும். இரண்டு படம் ஒரே நாளில் வரலாம். மூன்று வாரம் ஒன்றுமே வராமல் போகலாம். இதையே வாரம் ஒரு படம், ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு என்று வைத்திருந்தால் அது தபால் ஆகியிருக்கும். இப்போது அது ஆற்றில் தூண்டில் போட்டுவிட்டு உட்காருவது போல.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் ஐந்து என்றே வைத்தாலும் வருடத்துக்கு 60 படம். ஒருவரிடம் 3,000 படம் இருந்தால் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க 50 வருடம். ஒரு தயாரிப்புக் கூட்டத்தில் இந்த எண்ணை நான் சொன்னால் அறையில் யாரும் அடுத்த பக்கத்துக்குப் போக விடமாட்டார்கள். ஆனால் ஓக் மரத்தைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் இந்த எண்ணில்தான் இருக்கிறது. பத்துப் பதினைந்து தலைமுறை போன்களைத் தாண்டி நிற்க வேண்டிய பொருளுக்கு பிளாஸ்டிக் உடல் சரிவராது. வீட்டில் பீரோவும் கட்டிலும் எப்படி நம்மோடு சேர்ந்தே வயதாகின்றனவோ, அப்படி வயதாகும் உடல் வேண்டும். தேவையில்லாத நாளில் அதன் மீது ஒரு துணியை மடித்து வைத்துவிட்டு மறந்துபோகவும் முடிய வேண்டும்.

அச்சும் பொருத்தமாக அமைந்தது. அவர்கள் வைத்தது போலராய்டு போகோ என்ற சின்ன பிரின்டர். இரண்டுக்கு மூன்று அங்குலப் படம். மை கிடையாது, ஜிங்க் எனப்படும் தாளுக்குள்ளேயே நிறமற்ற சாயப் படிகங்கள் மூன்று அடுக்காக இருக்கும். சூடு படும் விதத்தைப் பொறுத்து மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம் எழும். மை ஊற்றத் தேவையில்லை என்பதால் பெட்டியை மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடலாம்.

மூன்று வீடுகளில்

14 மாதம் என்பது இந்தத் துறையில் பெரிய காலம். பல ஆய்வுகள் சில வாரங்களில் முடிந்துவிடும். சில வாரத்தில் முடிந்திருந்தால் இந்த ஆய்வு ஒரு தோல்விக் கதையாகவே பதிவாகியிருக்கும். ஏனென்றால், முதலில் ஆர்வமாக இருந்தவர்களுக்குப் பிறகு எரிச்சல்தான் வந்தது. தங்கள் சொந்தப் படம், தங்கள் வீட்டுப் பெட்டி, ஆனால் தாங்கள் சொன்னபடி ஆடமாட்டேன் என்கிறது. கையில் இருக்கும் எல்லாக் கருவியும் கேட்டதும் கொடுக்கப் பழகியபோது இது மட்டும் ஏன் இப்படி?

மாதங்கள் போகப் போக அந்த எரிச்சல் தணிந்து, பெட்டியை அதன் போக்கில் ஏற்றுக்கொண்டார்கள். வந்த படங்கள் பழைய நாட்களை அசைபோட வைத்தன. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது இன்னொன்று. இந்தப் பெட்டியோடு வாழ்ந்ததால், வீட்டில் இருக்கும் மற்ற கருவிகள் தங்களிடம் என்ன கேட்கின்றன, அவை வேறு எப்படி இருந்திருக்கலாம் என்றும் அவர்கள் யோசிக்கத் தொடங்கினார்கள்.

மூன்று வீடு என்பது சின்ன எண்ணிக்கைதான். எத்தனை சதவீதம் பேருக்கு இது பிடிக்கும் என்பதற்கு இதில் விடை இல்லை. ஆனால் எரிச்சலில் தொடங்கி ஏற்புவரை மனம் எந்த வழியில் நடக்கிறது என்று பார்ப்பதற்கு, முப்பது வீட்டில் மூன்று வாரம் இருப்பதைவிட மூன்று வீட்டில் 14 மாதம் இருப்பதுதான் உதவும்.

பொத்தான் இல்லாததுதான் விஷயம்

2018இல் ஆப்பிளும் கூகுளும் போன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் வசதிகளைக் கொண்டுவந்தன. நேர வரம்பு வைத்துக்கொள்ளலாம். வரம்பு முடிந்ததும் ஒரு திரை வந்து மறிக்கும். ஐபோனில் அந்தத் திரையிலேயே, வரம்பைத் தாண்டிப் போகவும் ஒரு பொத்தான் இருக்கும். பதினைந்து நிமிடம் கழித்து நினைவூட்டு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடலாம். நானே இரவு பதினொன்றரை மணிக்கு அதை எத்தனை முறை அழுத்தியிருப்பேன் என்று கணக்கில்லை.

களைத்துப்போன மனிதரிடம், நாளின் கடைசியில், உன்னை நீயே அடக்கிக்கொள் என்று ஒரு திரை கேட்கிறது. நிதானத்தின் முழுச் சுமையும் அவர் தலையில். போட்டோபாக்ஸ் அந்தச் சுமையைத் தானே எடுத்துக்கொண்டது. அங்கே வெல்ல வேண்டிய ஆசையே இல்லை, ஏனெனில் அழுத்த ஒன்றுமில்லை. காத்திருப்பைக் காக்கும் பொறுப்பு கருவியின் உடலுக்குள்ளேயே இருந்தது. நிதானத்துக்காக ஏதாவது செய்கிறோம் என்று யார் வந்து காட்டினாலும் நான் இப்போது முதலில் பார்ப்பது இதைத்தான்: சுமை யார் தலையில் இருக்கிறது?

அதே சமயம், இது மனிதரைக் கட்டிப்போடும் கருவியும் அல்ல. எப்போது அச்சிடுவது என்பது பெட்டியின் முடிவு. எப்போது மூடியைத் திறப்பது என்பது நம் முடிவு. இந்த இரண்டாவது பாதியின் அருமை, சொந்த வீட்டில் ஒரு பெட்டியை வைக்கும்வரை எனக்குப் புரியவில்லை.

கல்லாப்பெட்டி

தாத்தா மளிகைக்கடை வைத்திருந்தபோது பயன்படுத்திய தேக்குக் கல்லாப்பெட்டி எங்கள் மச்சில் கிடந்தது. சரிந்த மூடி, உள்ளே சில்லறைக்கென்று குழி குழியாக நான்கு அறை, மூடியின் ஓரத்தில் அவர் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த ஒரு பள்ளம். அதில் ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி ஒன்று, பழைய பாக்கெட் பிரின்டர் ஒன்று, பின்பக்கம் வயருக்கு ஒரு துளை. நிரல் நாற்பது வரிதான். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. இந்த பிரின்டர்கள் பேட்டரியை மிச்சப்படுத்தச் சில நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். பவர் பட்டனில் வயர் பற்றவைத்து, அச்சிடும் நேரத்துக்கு முன்னால் அந்தக் கணினி அதை அழுத்துவது போலச் செய்ய வேண்டியிருந்தது.

ஜனவரியில் கூடத்தில், டிவிக்கு எதிர்ப்புறம், ஜன்னல் திண்டில் வைத்தேன். அம்மாவுக்கு 66 வயது. தினமும் காலையில் விளக்கேற்றியதும் மூடியைத் திறந்து பார்ப்பாள். ஐந்தாம் நாள் பொறுமை போய்விட்டது.

“என்னட்டி இது, சும்மாவே கெடக்கு? கெட்டுப்போச்சா?”

“கெடலம்மா. அது வர்றப்போ வரும்.”

“வர்றப்போ வரும்னா, அது என்ன மழையா?”

ஒன்பதாம் நாள் வந்தது முதல் படம்: மின்கட்டண ரசீதின் ஸ்கிரீன்ஷாட். அடுத்தது யாரோ அனுப்பிய பொங்கல் வாழ்த்து. மூன்றாவது, கடைக்காரருக்கு அனுப்புவதற்காக எடுத்த மிக்ஸி ஜாரின் அடிப்பாகம்.

ஆய்வுக் கட்டுரையில் நான் கவனிக்காமல் தாண்டிய ஒன்று அப்போதுதான் பட்டது. ஃப்ளிக்கர் 2004இல் வந்த தளம். அதில் படம் ஏற்றியவர்கள் கேமராவிலிருந்து கணினிக்கு மாற்றி, இது வேண்டும் இது வேண்டாம் என்று பார்த்து, தலைப்புக் கொடுத்து ஏற்றினார்கள். சல்லடையில் ஒருமுறை சலித்த தொகுப்பு அது. கண்ணை மூடிக்கொண்டு கை விட்டாலும் நல்ல படமே கிடைக்க வாய்ப்பு அதிகம். இன்றைய போன் கேலரி அப்படியல்ல. பத்திரம், ரசீது, ஓடிபி, முகவரி, மருந்துச்சீட்டு, நடுவே எங்கோ மனிதர்கள். போட்டோபாக்ஸின் குருட்டுத் தேர்வை அப்படியே எடுத்து இன்று ஒரு போனில் பொருத்தினால் அது வேலை செய்யாது. நிதானமாக வரும் பொருள் காத்திருக்கத் தகுந்ததாகவும் இருக்க வேண்டும். இதை ஒரு வடிவமைப்பு விதியாகவே எழுதி வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

அதனால் சலிக்க உட்கார்ந்தேன். போன், பழைய ஹார்டு டிஸ்க் எல்லாம் சேர்த்து 14,300 படம். மூன்று வாரம், இரவில் ஒரு மணி நேரம். கடைசியில் நின்றது 1,860. அந்த மூன்று வாரம் எனக்குக் கிடைத்ததைப் பெட்டி தனியாகத் தந்திருக்காது. இருபது நொடிக்கு மேல் எந்தப் படத்தையும் பார்த்துப் பழகாத நான், என் அண்ணன் மகள் முதன்முதலில் குற்றாலத் தண்ணீரில் நின்று அழும் படத்தில் முழுதாக ஒரு மணி நேரம் நின்றுபோனேன்.

எடுத்துவிட்ட படங்கள்

சலிக்கும்போது ஒரு முடிவு எடுத்தேன். அப்பாவின் கடைசி நான்கு மாதம், ஆஸ்பத்திரியில் எடுத்தவை எல்லாவற்றையும் நீக்கினேன். அம்மா காலையில் விளக்கேற்றிவிட்டு மூடியைத் திறக்கும்போது மூக்கில் குழாயோடு அப்பா வரக் கூடாது.

2014 டிசம்பரில் நடந்தது என் மனதில் இருந்தது. அந்த வருடம் எரிக் மேயர் என்ற வலை வடிவமைப்பாளரின் ஆறு வயது மகள் இறந்துபோனாள். வருடக் கடைசியில் ஃபேஸ்புக், உங்கள் ஆண்டு எப்படி இருந்தது பாருங்கள் என்று அவர் முன்னால் நீட்டிய படத்தில் அந்தக் குழந்தையின் முகம். சுற்றிலும் பலூனும் ஆடிப்பாடும் பொம்மைகளும். வேண்டுமென்று யாரும் செய்யவில்லை என்று அவரே எழுதினார். பெரும்பாலானவர்களுக்குச் சரியாக வேலை செய்த நிரல், அவர் நிலையை நினைத்துப் பார்க்கவில்லை. துறையில் இருக்கும் எல்லோரும் படிக்க வேண்டியவை அவர் சொன்னவை.

ஏப்ரலில் ஒரு நாள் அம்மா, வந்த படங்களை மடியில் பரப்பி வைத்துக்கொண்டு கேட்டாள்.

“உங்கப்பா ஆஸ்பத்திரில இருந்தப்போ எடுத்தது ஒண்ணுகூட வரலியே. நீ எடுத்தியே, ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்களே.”

“அதெல்லாம் வேண்டாம்னு எடுத்துட்டேம்மா.”

“நீ என்னத்துக்கு எடுக்க? அந்த நாலு மாசமும் நாந்தான கூட இருந்தேன்.”

மறுநாள் எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்தேன். ஜூலையில் ஒன்று வந்தது. ஆரஞ்சு அல்ல, கட்டில் அருகே பிளாஸ்கும் செருப்பும் மட்டும். அது வந்து எத்தனை நாள் பெட்டிக்குள் கிடந்தது என்று எனக்குத் தெரியாது. அம்மா எப்போது திறந்தாள், பார்த்துவிட்டு மூடினாளா, எத்தனை நேரம் கையில் வைத்திருந்தாள் எதுவும் தெரியாது. ஒரு சாயங்காலம் அவள் தலையணைக்குக் கீழே அந்தப் படம் இருந்தது.

மேயரிடம் வந்த படமும் அம்மாவிடம் வந்த படமும் ஒரே வகைதான். வந்த விதம்தான் வேறு. அங்கே வேறு எதற்கோ திரையைத் திறந்தவர் முன்னால், கேட்காமல், அலங்காரத்தோடு, ‘பகிருங்கள்’ என்ற சொல்லோடு வந்து நின்றது. இங்கே ஒரு மூடி இருந்தது. மூடிக்கு இந்தப் பக்கம் தனியாக நிற்க ஒருவருக்கு எவ்வளவு நேரமும் இருந்தது. வேதனை தரும் படங்களைக் கண்டுபிடித்து மறைக்கும் நிரலை எழுதப் பலரும் முயல்கிறோம். நான் எடுத்த முடிவும் அதே வகையைச் சேர்ந்தது, அது தவறாகவும் போனது. எந்தப் படம் யாருக்கு எப்போது தாங்கும் என்று இன்னொருவரால் தீர்மானிக்க முடியாது. ஒரு மூடியை வைத்துக் கொடுக்கத்தான் முடியும்.

பெட்டியின் ஆயுள்

போட்டோபாக்ஸின் பலவீனம் அதன் கருத்தில் இல்லை, அது தொங்கிக்கொண்டிருந்த கொக்கிகளில் இருக்கிறது. 50 வருடம் வாழ வேண்டிய பொருள், ஒரு நிறுவனத்தின் தளத்தையும் இன்னொரு நிறுவனத்தின் பிரின்டரையும் நம்பி நின்றது. ஃப்ளிக்கர் யாஹூவிடமிருந்து 2018இல் ஸ்மக்மக் நிறுவனத்துக்குக் கைமாறியது. அடுத்த வருடம் இலவசக் கணக்குகளுக்கு 1,000 படம் என்ற வரம்பு வந்தது. போகோ பிரின்டர் இன்று உற்பத்தியில் இல்லை. ஓடம் பின்னர் செய்த ஓலோ ரேடியோ, ஒருவர் பல வருடங்களாகக் கேட்ட பாடல்களின் பதிவை வைத்து அவற்றை மீண்டும் ஒலிக்கும் கருவி. அதற்கும் அடியில் லாஸ்ட்.எஃப்எம் என்ற ஒரு தளம்.

எங்கள் பெட்டியில் படங்கள் உள்ளேயே ஒரு மெமரி கார்டில் இருக்கின்றன, நகல் ஒன்று பீரோவில். ஆனால் ஜிங்க் தாள் வருவது நின்றுவிட்டால் கல்லாப்பெட்டி ஊமையாகிவிடும். சாரல் மாதத்தில் ஈரத்துக்குத் தாள் ஒன்றோடொன்று ஒட்டி இரண்டு முறை சிக்கியது. அக்டோபரில் மின்சாரம் போய் வந்தபோது இணையமும் இல்லை. நான் வைத்த ராஸ்பெரி பையில் தனியாகக் கடிகாரம் கிடையாது என்பதால் அது எங்கோ பழைய நேரத்தில் நின்றுகொண்டு, வர வேண்டிய நேரங்களைத் தவறவிட்டது. இருபத்து மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. நான்தான் தவித்தேன். அம்மா கேட்கவே இல்லை. நானே கேட்டதற்கு, “எப்பவும் போலத்தான இருக்கு” என்றாள். இதை ஒரு கண்டுபிடிப்பாகவே குறித்துக்கொண்டேன்: இந்தப் பெட்டியில் பழுதும் பொறுமையும் வெளியிலிருந்து ஒன்றுபோலவே தெரிகின்றன. அடுத்த முறை செய்தால், உயிரோடுதான் இருக்கிறது என்று காட்ட அடிப்பக்கத்தில், கவிழ்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும்படி ஒரு சின்ன விளக்கு வைப்பேன். கடிகாரச் சில்லும் ஒன்று வாங்கிப் பொருத்திவிட்டேன்.

பதினொரு மாதத்தில் 46 படம். இந்த வேகத்தில் 1,860ஐயும் முடிக்க முப்பத்தாறு, முப்பத்தேழு வருடம் ஆகும். அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. அவளே விரல்விட்டு எண்ணியிருப்பாள், பலசரக்குக்கடைக்காரர் மகள்.

இப்போது இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் மூடியைத் திறக்கிறாள். பால் கணக்கு நோட்டும் மூக்குக்கண்ணாடியும் பெட்டி மேலேயே இருக்கின்றன. திறக்க வேண்டுமானால் முதலில் அவற்றை எடுத்துக் கீழே வைக்க வேண்டும். வந்த படங்களைப் போனில் எடுத்து அனுப்பச் சொல்லி ஓசூரிலிருந்து அக்கா மாதாமாதம் கேட்கிறாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட எனக்கு ஒரு நிமிட வேலை. அம்மாவிடம் கேட்டேன்.

“வேண்டாம். பொங்கலுக்கு வருவால்ல, உக்காந்து பாக்கட்டும்.”

சில்லறைக் குழிகளில் ஒன்றை அக்காவுக்கென்று ஒதுக்கியிருக்கிறாள். அவள் இருக்கும் படம் வந்தால் அதில் போய்ச் சேருகிறது. இதுவரை ஏழு.